மெடிக்கல் லீவும் காத்துக்கொண்டிருந்த வீட்டு வேலைகளும்

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் ஒருவகை வேலைகள் எப்போதும் பாக்கி நிற்கும். வருமானச் சான்றிதழ், பேங்க் கேஒய்சி, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், அப்பாவின் பென்ஷன் பேப்பர் எல்லாம் இந்தக் கணக்குதான். இவை திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு மேல் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டியவை. அந்த நேரத்தில் நாங்கள் கம்பெனியில் இருப்போம். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். ஆகவே யாராவது ஒருவர் உடம்பு முடியாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால், மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த அத்தனையும் அவரைத் தேடி வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. "ஊட்ல தான இருக்கற கண்ணு, ஒரு எட்டு போயிட்டு வந்துரேன்" என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் மறுக்கவும் கஷ்டமாக இருக்கிறது.

நான் கோவையில் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மழையில் எனக்கு டெங்கு வந்தது. சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் மாதிரி பெண்கள், முக்கியமாக ஈஎஸ்ஐ பிடித்தம் போக சம்பளம் வாங்குகிறவர்கள், இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

முதலில் உடம்பைப் பற்றி. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். டாக்டர்கள் அதிகம் கவனிக்கச் சொல்வது அந்தக் கட்டத்தைத்தான். காய்ச்சல் இறங்குகிற ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்குகிற ஆபத்து இருக்கிறது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும்தான். புரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. இதெல்லாம் தாண்டிய பிறகும் அசதி வாரக்கணக்கில் போகாது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். வெளியில் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. கட்டுப் போட்ட கை என்றால் எல்லோருக்கும் புரியும், அசதி கண்ணில் படாதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. காய்ச்சல் அடிக்கும் முதல் நாலைந்து நாளில் நம் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது நம்மைக் கடிக்கிற ஏடிஸ் கொசு, சில நாள் கழித்து அடுத்தவரைக் கடித்தால் அவருக்கும் போகும். அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். காய்ச்சலோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பது நமக்கு மட்டும் கெடுதல் இல்லை. பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். "எனக்கு முடியல" என்று சொன்னால் கேட்காத என் மாமியார், "பக்கத்து ஊட்டுக் கொழந்தைக்கு வந்துருமுங்க அத்தை" என்றதும் உடனே கேட்டுக்கொண்டார்.

அடுத்து சட்டம். ஈஎஸ்ஐயில் மெடிக்கல் லீவு எடுத்தால் 70 சதவீதம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் 350 ரூபாய். வருடத்தில் 91 நாள் வரை கொடுப்பார்கள். ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. இவ்வளவும் கம்பெனியிலேயே பேசிக்கொள்வார்கள். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருட ஈஎஸ்ஐ சட்டத்தின் 64-ஆவது பிரிவைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது பணம் வாங்குகிறவர் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொன்னது. ஈஎஸ்ஐ சிகிச்சையில் இருந்து டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். உடம்பு தேறுவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது. டாக்டர் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறும் பகுதியை விட்டு வெளியூர் போகக் கூடாது. பரிசோதிக்க அழைத்தால் உட்பட வேண்டும். இதை எனக்கு விளக்கியவர் எங்கள் யூனியனில் இருக்கும் ஓர் அண்ணன். "அம்மிணி, இது உன்ன மெரட்டறதுக்குன்னு நெனைக்காத. ஊட்ல எவனாவது வேல சொன்னா இதக் காட்டு" என்றார். எனக்கு அது பெரிய பலமாக இருந்தது. ஓய்வெடுப்பது என் விருப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் வாங்குவதற்கு அதுவும் ஒரு நிபந்தனை என்று தெரிந்தபின் வீட்டில் பேசும்போது என் குரலில் தயக்கம் போய்விட்டது.

உடனே சோதனை வந்தது. தாராபுரத்தில் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். போகாவிட்டால் முறை கெட்டுப்போகும் என்றார்கள். நான் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் டாக்டரிடமே கேட்டேன். அந்த அம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னார். வீட்டில் வந்து "டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்க" என்று அப்படியே சொன்னேன். மாமியாரும் வீட்டுக்காரரும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்கள். மணப்பெண்ணிடம் போனில் நானே பேசினேன். யாருக்கும் வருத்தம் இல்லை. சொந்தபந்தங்களில் நாமாக மறுத்தால் மனத்தாங்கல் வரும், டாக்டர் மறுத்தால் அக்கறையாக விசாரிப்பார்கள். ஆகவே சந்தேகம் இருக்கும் எதையும் டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்தேன். பாக்கி இருக்கிற வேலை எல்லாவற்றையும் மகன் ஒரு தாளில் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்டோம். கடைசித் தேதி என்ன? ஆளே நேரில் போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் எந்த ஆள்? கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவசரம்" என்று என் தலைமாட்டில் வந்து சொல்லப்பட்டவற்றில் பாதிக்குமேல் அவசரமே இல்லை. கரண்ட் பில் கட்ட ரீடிங் எடுத்ததிலிருந்து இருபது நாள் இருக்கிறது, அதுவும் போனிலேயே கட்டலாம். எல்ஐசி பிரீமியம் வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிறவர்களுக்குத் தேதி தாண்டினாலும் ஒரு மாதம் அவகாசம் உண்டு. அதுவும் போன்தான். ரேஷனுக்கு கார்டில் பெயர் இருக்கிற யார் வேண்டுமானாலும் போய்க் கைரேகை வைக்கலாம். என் வீட்டுக்காரர் பெயர் அந்தக் கார்டில் முதலில் இருக்கிறது. கார்டு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போனதில்லை, அவ்வளவுதான். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதே அவருக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. இப்போது தொடர்ந்து அவர்தான் போகிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அதற்கு முந்தின வருடம் அவருக்கு டைபாய்டு வந்து வீட்டில் இருந்தார். அப்போது அவரை யாரும் ரேஷன் கடைக்கு அனுப்பவில்லை. கஞ்சி அவர் இருக்கும் இடத்துக்குப் போனது. அது சரியானதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். அதே மரியாதை வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பெரிய விஷயம் அப்பாவின் ஆயுள் சான்றுதான், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கொடுக்க வேண்டிய சான்று. அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிஎஃப் ஆபீஸிலிருந்து சின்னத் தொகை பென்ஷன் வருகிறது. சின்னத் தொகை என்றாலும் அது அவருடைய சொந்தக் காசு, அதில் கை வைத்தால் அவர் மனசு ஒடிந்துபோகும். இரண்டு தெரு தள்ளி தம்பி வீட்டில் இருக்கிறார். நவம்பர் பிறந்ததும் அவருக்குப் பதற்றம் தொடங்கிவிடும். "நவம்பருக்குள்ள குடுக்கோணும், இல்லீனா நின்னு போயிரும். நீ லீவுல தான இருக்கற, பேங்குக்குக் கூட்டிட்டுப் போ சாமி" என்று போன் செய்தார். அவரைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றி, பேங்க் வரிசையில் நிறுத்தி, நானும் கூட நிற்க வேண்டும். அன்றைக்கு எனக்குச் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போக முடியாது.

தம்பியிடம் போன வருடத்துச் சான்றின் பிரிண்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். டிசம்பர் தேதி இருந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்குத்தான் நவம்பர் மாதம். பிஎஃப் வழியாக வரும் இபிஎஸ் 95 பென்ஷனுக்கு வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். 2019 கடைசியிலிருந்தே இப்படித்தான். ஆனாலும் பழைய பழக்கத்தில் எல்லோரும் நவம்பரிலேயே முண்டியடிக்கிறார்கள். அப்பாவுக்கு அவகாசம் இருந்தது.

பேங்குக்கே போக வேண்டியதில்லை என்பது அடுத்துத் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு வரும் போஸ்ட்மேனிடம் சொன்னால் அவரே வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் ஆயுள் சான்றைப் பதிந்து கொடுப்பார். அப்போது அதற்குக் கட்டணம் 70 ரூபாய். ஆதார், பென்ஷன் ஆர்டரில் இருக்கும் பிபிஓ எண், பேங்க் கணக்கு எண், ஒரு செல்போன், இவை போதும். வந்தார், நல்ல மனுஷன், பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். அப்பாவின் விரல்களில் ரேகையே பதியவில்லை. வயசும் உழைப்பும் சேர்ந்து தேய்த்துவிட்டன. அப்பாவின் முகம் சின்னதாகிப்போனதாகத் தம்பி மனைவி பிறகு சொன்னாள். அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்து, தன் போனில் ஜீவன் பிரமாண் ஆப்பையும் ஆதார் ஃபேஸ் ஆர்டி என்கிற ஆப்பையும் ஏற்றினான். முதலில் ஆபரேட்டர் என்று தன் முகத்தைக் காட்டிப் பதிந்துகொண்டான். பிறகு அப்பாவை வாசல் திண்ணையில் வெளிச்சம் படும்படி உட்கார வைத்து, கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் பதிந்தான். முடிந்தது. அப்பா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் என் கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த வேலை அன்றிலிருந்து தம்பியுடையது. வருடாவருடம் அவனே நினைவு வைத்துச் செய்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் செய்து கொடுக்கிறான்.

ஒருவேளை தேதி தாண்டிப் போய் பென்ஷன் நின்றுவிட்டாலும் கலங்க வேண்டாம். சான்று பதிந்ததும் நின்ற மாதங்களின் பணம் சேர்ந்து வரும். வயதானவர்களிடம் இதை முதலிலேயே சொல்லி வைத்தால் அந்தப் பதற்றம் பாதி குறையும். பதற்றம்தான் நம்மைக் காய்ச்சலோடு எழுப்பி ஓட வைக்கிறது.

மாமியாருக்கு பிபி, சுகர் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். அதுவும் என் கணக்கில்தான் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். மாமியாரே தன் சீட்டோடு நடந்து போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது ரேஷனுக்கும் இதுபோல் ஒன்று வந்திருக்கிறது. தாயுமானவர் திட்டம் என்று 2025 ஆகஸ்டில் தொடங்கினார்கள், வயதில் மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் வீட்டுக் கார்டுக்குத் தகுதி உண்டா என்று கடையில் ஒருமுறை கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. படுத்தபின் இதையெல்லாம் விசாரிக்கத் தெம்பு இருக்காது.

மகனுடைய ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வேண்டியிருந்தது. போன வருடத்தது இருந்தது, ஆனால் அது ஒரு வருடம்தான் செல்லும். "அம்மா வந்து கையெழுத்துப் போடணும்" என்றான். விசாரித்தால் அப்படி ஒன்றும் இல்லை. காலேஜ் விட்டு வந்தபின் அவனே இ-சேவை மையத்துக்குப் போனான். ஆதார், ரேஷன் கார்டு, எங்கள் சம்பளச் சீட்டு, போட்டோ எல்லாம் கொடுத்து 60 ரூபாய் கட்டிப் பதிந்தான். அங்கிருந்து விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று போய் தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். விஏஓ போனில் கேட்ட விவரங்களை நான் படுத்தபடியே சொன்னேன். பதினெட்டு வயதான பிள்ளை தன் சான்றிதழைத் தானே வாங்கப் பழகினால் அது அவனுக்குத்தான் நல்லது.

கடைசியில் பார்த்தால் நானே நேரில் போக வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஈஎஸ்ஐ மருந்தகம். முதல் சர்டிபிகேட், பிறகு நடுவில் புதுப்பிக்கும் சர்டிபிகேட், கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதித் தரும் பிட்னஸ். இவற்றுக்கு நோயாளி நேரில் வந்தால்தான் டாக்டர் பார்த்து எழுதுவார். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் வராது. ஆகவே வாரத்தில் என் உடம்பில் இருக்கிற தெம்பு முழுவதையும் அந்த ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டேன். முந்தின நாள் எதையும் செய்வதில்லை. மருந்தகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவேன், வெயில் ஏறினால் நிற்க முடியாது. ஸ்கூட்டியை எடுக்கவே இல்லை. கண் இருட்டும் என்று தெரிந்தும் வண்டி ஓட்டுவது அடுத்தவர் உயிரோடும் விளையாடுவது. ஆட்டோக் காசு போனால் போகட்டும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டு பிஸ்கட், எல்லாச் சீட்டும் ஒரே கவரில். வரிசையில் முன்னால் நிற்பவரிடம் "டெங்கு வந்து எந்திரிச்சிருக்கறனுங்க, அந்தத் திண்டுல உக்காந்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். யாரும் இதுவரை மறுத்ததில்லை. நம் ஜனங்களுக்கு அந்த ஈரம் இருக்கிறது, நாம்தான் வாய் திறந்து கேட்பதில்லை.

முக்கியமாக, திரும்பும் வழியில் எதையும் சேர்க்கக் கூடாது. "வர்ற வழிதான, அப்படியே காய் வாங்கிட்டு வந்துரு, அப்படியே பேங்க்ல பாஸ்புக் போட்டுட்டு வந்துரு" என்பதில்தான் உடம்பு கெடுகிறது. ஒரு வேலைக்குப் போனால் அந்த ஒரு வேலையோடு வீடு.

லீவில் இருக்கும்போது வெளியில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் வாசலில் என்னை எங்கள் லைனில் இருக்கும் ஒரு பெண் பார்த்தாள். நானே அன்று சாயங்காலம் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "சார், மருந்து வாங்கப் போயிருந்தேன், அடுத்த வாரம் வரைக்கும் சர்டிபிகேட் இருக்குது" என்றேன். அவர் உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார், அவ்வளவுதான். மருந்து வாங்குவதையோ மெதுவாக நாலடி நடப்பதையோ யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாளில் வேறு இடத்தில் கூலிக்கு வேலை செய்தால் ஈஎஸ்ஐ பணம் கிடையாது, அதுதான் சட்டம். தைத்துக் கொடுப்பது, பக்கத்து யூனிட்டில் அரை நாள் போவது, இவற்றைப் பண நெருக்கடியில் சிலர் செய்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். பணமும் போகும், உடம்பும் போகும்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கை போன்றவர்களுக்கு வேறு கணக்கு. 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வருடம் 12 நாள் சிக் லீவு, 12 நாள் கேஷுவல் லீவு என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப வேலைக்கு இருப்பது கேஷுவல் லீவு. பல கடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் பிரியும்.

வேலைக்குத் திரும்பும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிட்னஸ் வாங்குகிற அன்றே பலரும் பாக்கி வேலை எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பார்கள், "நாளையிலிருந்து நேரம் கிடைக்காதே" என்று. மறுநாள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து காயில் சுற்ற வேண்டும் என்பதை யோசியுங்கள். நான் பிட்னஸ் வாங்கி, கம்பெனி ஹெச்ஆரிடம் ஒரு நகல் கொடுத்து, ஒரிஜினலைக் கவரில் போட்டுவிட்டு மத்தியானமே வந்து படுத்துவிட்டேன். தாளில் அன்றைக்கு இன்னும் பேங்க் கேஒய்சியும் கார்டில் பெயர் திருத்தமும் மிச்சம் இருந்தன. கேஒய்சிக்கு அடுத்த மாதம் வீட்டுக்காரர் அரை நாள் பர்மிஷன் போட்டுப் போனார். பெயர் திருத்தத்தை மகன் ஆன்லைனில் போட்டான்.